கூடலூரிலிருந்து ஹட்டனுக்கு: மலையகப் பிள்ளைகளுக்கான தொண்டுப் பயணத்துக்குப் பணம் திரட்டும் முறை

முதலில் இரண்டு நோட்டு வாங்குங்கள். ஒன்றின் அட்டையில் ‘பயணம்’ என்றும் மற்றதில் ‘பிள்ளைகள்’ என்றும் எழுதுங்கள். கடைசி நாள் வரை ஒன்றின் பணம் மற்றதற்குள் போகக் கூடாது. வெளிநாட்டுத் தொண்டுப் பயணங்களில் பணத்தால் வரும் மனக்கசப்பு பெரும்பாலும் இந்தக் கோட்டைப் போடாததால் வருவது. ‘ஏழைப் பிள்ளைகளுக்கு’ என்று நம்பி உண்டியலில் நூறு ரூபாய் போட்டவர், அதில் பெரும்பங்கு விமான டிக்கெட்டுக்குப் போனதைப் பின்னால் கேள்விப்பட்டால் அடுத்த முறை யார் வந்து கேட்டாலும் கதவைத் திறக்க மாட்டார்.

ஆகவே நாங்கள் சொல்லும் முறை இது. பயணச் செலவைப் போகிறவர்களே கைப்பணம் போட்டும், பொருள் விற்றும் சேர்க்க வேண்டும். பிள்ளைகளின் பெயரால் வரும் நன்கொடை முழுவதும் பிள்ளைகள் நோட்டுக்கே. ‘உன் டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்’ என்று மாமாவோ வேலை செய்யும் கம்பெனியோ தெரிந்தே கொடுத்தால் வாங்கலாம். ஆனால் ரசீதில் ‘பயணத்துக்காக’ என்று எழுதித்தான் வாங்க வேண்டும்.

இந்தக் குறிப்புகள் நீலகிரியிலிருந்து இலங்கை மலையகத்துக்கு, அதாவது ஹட்டன், நுவரெலியா, பதுளை பக்கத்துத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் லைன் வீடுகளில்) வளரும் பிள்ளைகளுக்காகப் போக நினைக்கும் ஆறு பேர் குழுவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இரண்டு மலைக்கும் இடையே உள்ள உறவு பழையது. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு வர வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும் என்று முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் இன்றைய டான்டீ. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று எங்கே போனாலும் ‘எங்க பாட்டி ஹட்டன்ல பொறந்தவங்க’ என்று சொல்லும் வீடு இருக்கும். பணம் கேட்கப் போகும்போது இதைவிடப் பெரிய அறிமுகம் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம். அங்குள்ள பிள்ளைகளோடு முதல் நாளே பேசிவிடலாம்.

போக வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்

ஆறு பேர் போய் வரச் சுமார் மூன்று லட்சம் ஆகும். அதே மூன்று லட்சத்தில் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் அந்த லயத்திலேயே நெடுநாள் மாலை வகுப்பு நடத்த முடியும். நன்கொடை கொடுப்பவர் இதைக் கேட்பார், கேட்கவும் வேண்டும். அங்கிருக்கும் அமைப்பு ‘எங்களுக்கு இன்ன வேலை தெரிந்த ஆள் இத்தனை நாள் தேவை’ என்று தெளிவாகக் கேட்டிருந்தால்தான் உங்களிடம் பதில் இருக்கும். மாலை வகுப்பு ஆசிரியர்களுக்குக் கணக்குப் பாடம் சொல்லித்தரும் பயிற்சி, பல் அல்லது கண் பரிசோதனை, சிறு நூலகம் அமைத்து அட்டவணை போடுவது போன்றவை அப்படிப்பட்ட வேலைகள். ‘பிள்ளைகளோடு விளையாடுவோம், சுவருக்குப் பெயின்ட் அடிப்போம்’ என்பதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. பெயின்ட் அடிக்க ஹட்டனிலேயே ஆள் உண்டு, அவருக்குக் கூலியும் தேவை.

அநாதை இல்லங்களுக்குப் போகும் பயணங்களைத் தவிர்த்துவிடுங்கள். உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாய் அல்லது தகப்பன் உயிரோடு இருக்கிறார். வெளிநாட்டுத் தொண்டர்களும் அவர்கள் கொண்டுவரும் பணமும் பெருகப் பெருக, அந்த இல்லங்களை நிரப்பப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரும் வேலை நேபாளத்திலும் கம்போடியாவிலும் நடந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு புது அக்கா, புது அண்ணன் வந்து பாசம் காட்டிவிட்டுப் போவது குழந்தையின் மனதுக்கும் கேடு. பெற்றோருடன் இருக்கும் பிள்ளைகளுக்கு, பள்ளிக்கோ மாலை வகுப்புக்கோ உதவும் அமைப்பைத் தேடுங்கள்.

நல்ல அமைப்பா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. அவர்கள் உங்களிடம் போலீஸ் நற்சான்று கேட்கிறார்களா என்று பாருங்கள். பாஸ்போர்ட் சேவா மூலமாகவே 500 ரூபாய் கட்டி வாங்கலாம். ‘அதெல்லாம் வேண்டாம், வந்துவிடுங்கள்’ என்று சொல்லும் இடத்துக்கு யார் வேண்டுமானாலும் வந்து பிள்ளைகளோடு இருக்கலாம் என்று பொருள். அங்கே போகாதீர்கள்.

கணக்கு

கீழே இருப்பது ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் தேதிக்கு விலையைக் கேட்டு எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். எதையும் விடாமல் எழுத வேண்டும் என்பதைக் காட்டத்தான் இது.

ஒருவருக்கு, 12 நாளுக்கு: கூடலூரிலிருந்து திருச்சி போய்வர பஸ், சாப்பாடு 1,800. திருச்சி – கொழும்பு போகவர விமானம் 18,000. விசா, பயணக் காப்பீடு 4,500. இலங்கைக்குள் ரயில், பஸ், வேன் 3,500. தங்கவும் சாப்பிடவும் நாளுக்கு 1,400 வீதம் 16,800. புதுப் பாஸ்போர்ட் 1,500. மொத்தம் 46,100. ஆறு பேருக்கு 2,76,600. இதன்மேல் பத்து சதவீதம், அதாவது 27,660 ஒதுக்கி வையுங்கள். ஆக மொத்தம் 3,04,260.

அந்தப் பத்து சதவீதத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பணம் சேர்க்க ஆரம்பிக்கும் மாதத்துக்கும் டிக்கெட் போடும் மாதத்துக்கும் இடையே விமானக் கட்டணம் ஏறும், ரூபாய் மதிப்பு இறங்கும். மழையில் ரயில் நின்றுபோய் வேன் பிடிக்க வேண்டியும் வரும். 2025 நவம்பர் கடைசியில் வந்த புயலில் மலையகம் முழுக்க மண்சரிவு ஏற்பட்டது. கொழும்புக் கோட்டையிலிருந்து ஹட்டன் போகும் ரயில் பாதையின் நிலையைப் புறப்படும் வாரத்திலும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் நோட்டில் எழுதும் தொகையை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், அந்த அமைப்பு எழுத்தில் சொல்ல வேண்டும். மாதிரிக்கு, மாலை வகுப்பு ஆசிரியருக்கு மாதம் 8,000 வீதம் பத்து மாதத்துக்கு 80,000, புத்தகம், விளக்கு, பிள்ளைகளுக்குச் சிற்றுண்டிக்கு 40,000, ஆக 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். இங்கிருந்து பெட்டி பெட்டியாக நோட்டும் பேனாவும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கூடுதல் எடைக்கு விமானத்தில் கட்டும் காசில் ஹட்டன் கடையிலேயே வாங்கிவிடலாம், கடைக்காரருக்கும் வியாபாரம். பாடப் புத்தகமும் நம்முடையது அங்கே உதவாது. இலங்கைப் பாடத்திட்டம் வேறு, பிள்ளைகள் எழுதுவது தரம் 5 புலமைப்பரிசில் (ஐந்தாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வு), சாதாரணதரப் பரீட்சை (நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்றது). அந்நாட்டுக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தமிழ்வழிப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. புறப்படும் முன் இறக்கிப் படித்துக்கொண்டு போங்கள்.

பயண நோட்டை நிரப்புவது

பத்து மாதம் முன்னால் தொடங்க வேண்டும். பிப்ரவரியில் போவதானால் ஏப்ரலில் தொடங்குங்கள். அப்போதுதான் மே மாதக் கோடை சீசன், செப்டம்பர் – அக்டோபர் இரண்டாவது சீசன், தீபாவளி மூன்றும் கையில் கிடைக்கும். பிப்ரவரி அங்கே மழை குறைந்த மாதம் என்பதும் வசதி. தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன் பக்கம் நம் பந்தலூரைப் போலத்தான், வெளியே கால் வைக்க முடியாது.

ஒவ்வொருவரும் மாதம் 1,500 போட்டால் பத்து மாதத்தில் ஆறு பேருக்கும் சேர்த்து 90,000 வந்துவிடும். இதைக் கட்டாயமாக்குங்கள். தன் கையிலிருந்து போடாதவர் மற்றவரிடம் கேட்கும்போது குரலிலேயே தெரிந்துவிடும். விற்பனையில் 1,50,000 வரை இலக்கு வைக்கலாம். மீதம் 64,000 சொச்சம் உறவினர், வேலை செய்யும் இடம், ஊர்ச் சங்கம் ஆகியோர் தெரிந்தே பயணத்துக்குக் கொடுப்பது.

விற்பனையில் முதலிடம் டீக்கடைக்கு. மே மாதத்தில் ஊட்டி தாவரவியல் பூங்கா மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்கா காய்கறிக் கண்காட்சி, கூடலூர் வாசனைத் திரவியக் கண்காட்சி எல்லாம் வரிசையாக வரும். பூங்காவுக்குள் கடை போடத் தோட்டக்கலைத் துறையிடமும், வெளியே என்றால் நகராட்சி அல்லது பேரூராட்சியிடமும் அனுமதி வாங்க வேண்டும். இந்த மனுவை மட்டும் பணம் சேர்க்கத் தொடங்கும் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்துவிடுங்கள், ஏப்ரல் கடைசியில் போனால் இடம் இருக்காது. உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வியாபாரப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான், இணையத்திலேயே முடிக்கலாம். அது இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

நூறு டம்ளருக்கு, டம்ளருக்கு 100 மில்லி என்று வைத்துக்கொண்டால், பால் 5 லிட்டர், தண்ணீர் 6 லிட்டர், டஸ்ட் டீத்தூள் 300 கிராம், சர்க்கரை 900 கிராம், இஞ்சி 100 கிராம். ஒரு லிட்டர் ஆவியாகப் போய்விடும், அதனால்தான் பதினொன்று. இஞ்சியைத் தட்டித் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, தூள் போட்டு, அதன் சாறு இறங்கிய பிறகே தனியாகக் காய்ச்சிய பாலைச் சேர்க்க வேண்டும். பச்சை இஞ்சியை நேராகப் பாலில் போட்டால் பால் திரிந்துவிடும். ஐந்து லிட்டர் பாலும் அரை மணி நேர வியாபாரமும் ஒரே நேரத்தில் போய்விடும். இன்னொன்று, ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோயம்புத்தூர்ப் பழக்கத்தில் இறக்கினால் சாறு இறங்கியிருக்காது, வெளிறிய டீதான் வரும். இரண்டு நிமிடம் கூடக் கொதிக்கவிடுங்கள். நூறு டம்ளருக்குச் செலவு கேஸ் சேர்த்து 500-க்குள் நிற்கும். டம்ளர் 15 ரூபாய் என்றால் 1,000 மிஞ்சும். சீசன் நாளில் 300 டம்ளர் ஓடும் இடமாகப் பிடித்து, 12 நாள் நின்றால் 36,000.

பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் கூடாது. தமிழ்நாடு முழுக்கவே 2019-லிருந்து தடை, நீலகிரியில் சோதனையும் கடுமை. எவர்சில்வர் டம்ளர் 120, கழுவ ஒரு தொட்டி, கொதிநீரில் அலச இன்னொரு தொட்டி, கழுவுவதற்கென்றே தனியாக ஒரு ஆள். கழுவ ஆள் போடாமல் கடை திறந்தால் பதினொரு மணிக்குக் கூட்டம் வரும்போது டம்ளர் இருக்காது.

டீத்தூள் பாக்கெட் விற்பது அடுத்தது. சாக்கில் வாங்கி நீங்களே பொட்டலம் போட நினைக்காதீர்கள். எடை, தேதி, விலை, முகவரி, உணவு உரிம எண் எல்லாம் லேபிளில் வர வேண்டும், அதற்குத் தனி உரிமமும் தேவை. தொழிற்சாலையே பாக்கெட் போட்டு விற்கும் தூளை மொத்த விலைக்கு எடுங்கள். டான்டீயும், சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளைச் சேர்த்து நடத்தும் இன்கோசர்வும் பாக்கெட் தூள் விற்கின்றன. கால் கிலோ பாக்கெட்டில் 25 ரூபாய் நின்றால் 1,200 பாக்கெட்டுக்கு 30,000. வாங்கும்போது ஒன்றைப் பிரித்து இலையை விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள். மொறுமொறுவென்று உடைய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம், மழை மாதத்தில் இது சகஜம்.

இங்கே பலர் விடும் தவறு ஒன்று. சுற்றுலாப் பயணிகள் இரண்டையும் கேட்பார்கள் என்று டீத்தூளையும் நீலகிரித் தைலத்தையும் ஒரே மேசையில், ஒரே அட்டைப் பெட்டியில் வைப்பார்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். மூடியிட்ட தைலப் பாட்டிலாக இருந்தாலும் ஒரே இரவில் பாக்கெட் தாண்டி வாசம் ஏறி, மறுநாள் டீயில் தைலம் மணக்கும். விற்ற முப்பது பாக்கெட்டும் திரும்பி வரும், இல்லையேல் திரும்பி வராத வாடிக்கையாளர் முப்பது பேர். தைலத்தை வேறு மேசை, வேறு பெட்டி, வேறு வண்டியில் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் தைலத்தையே விட்டுவிடுங்கள்.

தீபாவளிப் பெட்டிக்கு டீத்தூள் கால் கிலோ, வீட்டு சாக்லேட் 200 கிராம், வர்க்கி கால் கிலோ என்று சேர்த்தால் பெட்டிக்கு 130 வரை நிற்கும். 300 பெட்டிக்கு 39,000. திருப்பூர், கோயம்புத்தூர், பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் முன்பணம் வாங்கிக்கொண்டே செய்யுங்கள். குன்னூரில் கல்லாக இருக்கும் சாக்லேட் பகல் வெயிலில் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் இளகிவிடும், இரவு பஸ்ஸில் அனுப்புங்கள். வர்க்கியைக் கூரியரில் அனுப்பினால் போய்ச் சேருவது தூள்தான். அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க முடிந்த ஊர்களுக்கு மட்டும் வையுங்கள்.

மதியச் சாப்பாட்டு டோக்கன் நன்றாகக் கைகொடுக்கும். 250 ரூபாய் டோக்கன் 150, சாப்பாட்டுச் செலவு தலைக்கு 100. இரண்டு ஞாயிறு நடத்தினால் 45,000. டோக்கன் 120 விற்ற பிறகே அரிசி வாங்குங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் எந்த நிகழ்ச்சியையும் மாலை நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள். யானை நடமாட்டம் உள்ள ஊரில் இருட்டிய பிறகு ஜனங்களை நடக்கவைப்பது பெரிய பாவம். கடைசி பஸ்ஸும் போய்விடும்.

குலுக்கல் சீட்டு மட்டும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. ‘நல்ல காரியத்துக்குத்தானே’ என்று பத்து ரூபாய்ச் சீட்டு அடித்துப் பிரஷர் குக்கர் பரிசு வைத்தால், புகார் போகும்போது நல்ல காரியம் காப்பாற்றாது.

பிள்ளைகள் நோட்டை நிரப்புவது

1,20,000 என்பது ஒரே எண்ணாகப் பார்த்தால் மலைப்பு. 5,000 கொடுக்கக்கூடியவர் 10 பேர், 1,000 கொடுக்கக்கூடியவர் 40 பேர், 500 கொடுக்கக்கூடியவர் 60 பேர் என்று பிரித்தால் ஆறு பேரும் ஆளுக்கு இருபது பேரைப் பார்த்தாலே முடிகிற வேலை. பெயர்ப் பட்டியலை எழுதி, யார் யாரைப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டுக்கு மூன்று பேர் மூன்று தடவை போய் நிற்கக் கூடாது.

கேட்கும் நேரம் முக்கியம். பச்சைத் தேயிலை விலை கீழே கிடக்கும் மாதத்தில் சிறு விவசாயி வீட்டுக்குப் போகாதீர்கள். தொழிற்சாலை பணம் பட்டுவாடா செய்த வாரத்தில் போங்கள். தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் உண்டியலோடு போவது எங்களுக்குச் சம்மதமில்லை. அவர்களாக அழைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ரசீதும் கொடுங்கள். பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு.

கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ, இப்படி இருக்கலாம்:

‘அன்புள்ள அண்ணாவுக்கு, வணக்கம். வரும் பிப்ரவரியில் நாங்கள் ஆறு பேர் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாலை வகுப்பு ஆசிரியர்களுக்குக் கணக்குப் பயிற்சி கொடுக்க 12 நாள் போகிறோம். எங்கள் பயணச் செலவை டீ விற்றும் கைப்பணம் போட்டும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். உங்களிடம் கேட்பது அந்த வகுப்பு நாங்கள் திரும்பிய பிறகும் நடப்பதற்காக. ஆசிரியருக்கு மாதம் 8,000 ரூபாய், பத்து மாதத்துக்கு. ஒரு வாரத்துக்கு 2,000 ஆகிறது. ஒரு வாரத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா? பயணம் நடக்காமல் போனாலும் இந்தப் பணம் அந்த வகுப்புக்கே போகும். கணக்கை மாதாமாதம் அனுப்புகிறோம்.’

தொகையை எழுதுங்கள். ‘உங்களால் முடிந்ததை’ என்று எழுதினால் கொடுப்பவர் எவ்வளவு என்று தெரியாமல் தள்ளிப்போடுவார். ‘பயணம் நடக்காமல் போனால்’ என்ற வரியை விடவே கூடாது. விசா கிடைக்காமலோ மண்சரிவாலோ பயணம் நின்றால், அதற்குப் பிறகு உட்கார்ந்து முடிவு செய்யும்போது சண்டைதான் வரும்.

அழும் குழந்தை, கிழிந்த சட்டை, மூக்கொழுகும் முகம் உள்ள படத்தை நோட்டீஸில் போடாதீர்கள். அந்தப் பிள்ளை நாளை வளர்ந்து பெரியவளாகி அதைப் பார்ப்பாள். அந்த அமைப்பு பெற்றோரின் சம்மதம் வாங்கித் தந்த படம் இருந்தால் பெயர், தோட்டம், பள்ளி எதுவும் தெரியாதபடி போடலாம். பிள்ளைகள் எழுதிய ஒரு கணக்கு நோட்டின் பக்கமே போதும்.

வங்கி, வரி, சட்டம்

யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கின் கியூ.ஆர். அட்டையை மேசையில் வைத்துப் பணம் வாங்குவதுதான் இன்று வழக்கமாகிவிட்டது. செய்யாதீர்கள். உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு நிதியாண்டில் அன்பளிப்பாக வரும் பணம் 50,000-ஐத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி உண்டு. ‘இது என் பணமில்லை, பிள்ளைகளுக்காக வைத்திருந்தேன்’ என்று காட்டக் காகிதம் வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று தனியாக ஒரு கூட்டுக் கணக்கு திறந்து, அதில் வேறு எந்த வரவு செலவும் வைக்காமல், எண்ணிட்ட ரசீதுப் புத்தகத்தோடு நடத்துங்கள். தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தைப் பயண நோட்டில் எழுதுங்கள்.

ஏற்கெனவே பதிவான டிரஸ்ட் வழியாக வாங்கினால் நன்கொடை கொடுப்பவருக்கு 80ஜி பிரிவின் வருமான வரிச்சலுகை கிடைக்குமே என்று கேட்பார்கள். இந்தியாவில் பதிவான அறக்கட்டளை வெளிநாட்டில் செலவழிக்கும் பணத்துக்கு, தனி அனுமதி இல்லாமல் வரிவிலக்கு கிடையாது. அவசரத்தில் சம்மதித்த டிரஸ்ட் பின்னால் மாட்டிக்கொள்ளும். ஆகவே ‘வரிச்சலுகை உண்டு’ என்று யாரிடமும் வாய்தவறியும் சொல்லாதீர்கள்.

வெளிநாட்டுப் பணம் இன்னும் கவனம். நம் மலையில் கனடாவிலும் இலங்கையிலும் சொந்தக்காரர் உள்ள குடும்பங்கள் நிறைய. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் உங்கள் குழுக் கணக்குக்குப் பணம் போட்டால் அது எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை, பதிவில்லாமல் வாங்கக் கூடாது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சம்பளச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அதில் சேராது. மற்றவர்களிடம் இலங்கை அமைப்பின் கணக்கைக் கொடுத்து நேராக அங்கேயே போடச் சொல்லுங்கள். மிலாப், கெட்டோ போன்ற இணைய நன்கொடைத் தளங்களில் திரட்டினால் வெளிநாட்டு அட்டைகளுக்கான வழியை மூடிவைக்க முடியுமா என்று முதலிலேயே பாருங்கள். தளம் பிடிக்கும் கட்டணத்தையும் சேர்த்தே இலக்கைப் போடுங்கள்.

பிள்ளைகள் பணத்தைப் பையில் ரொக்கமாகக் கொண்டுபோகக் கூடாது. இந்திய ரூபாய் ஒருவர் 25,000-க்கு மேல் நாட்டுக்கு வெளியே எடுத்துப் போக முடியாது. வங்கிக் கிளையில் ஏ2 படிவம் நிரப்பி, வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்கான நன்கொடை என்று எஸ்1303 குறியீட்டில் அனுப்பலாம். தனிநபருக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை இதற்கு இடமுண்டு, பான் அட்டை கட்டாயம். வங்கி கேட்கும் முன்னே கொடுக்க ரசீது நகல்களும் அமைப்பின் பதிவுச் சான்றும் கையில் வைத்திருங்கள். சிறு கிளைகளில் இந்த வேலை அபூர்வம். குன்னூரிலோ ஊட்டியிலோ அந்நியச் செலாவணி பார்க்கும் கிளை எது என்று கேட்டுப் போனால் ஒரு நாள் மிச்சம். ஒரே தடவையில் முழுவதையும் அனுப்ப வேண்டாம். மூன்று தவணையாக, முந்தைய தவணையின் கணக்கு வந்த பிறகு அடுத்ததை அனுப்புங்கள்.

ஏஜென்சியிடம் ‘தொண்டுப் பயணப் பேக்கேஜ்’ வாங்கினால் வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்குரிய டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு போடும்போது திரும்ப வாங்கலாம், ஆனால் புறப்படும் மாதத்தில் அந்தப் பணம் கையில் இருக்காது. டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் தனித்தனியாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

விசா பற்றி ஒரே சொல். சுற்றுலா விசா சுற்றிப் பார்க்கத்தான். சம்பளம் வாங்காத பணிக்கும் எந்த விசா என்பதை அழைக்கும் அமைப்பு எழுத்தில் சொல்ல வேண்டும், சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலும் கேட்டுவிடுங்கள். அந்தப் பதில் வராமல் டிக்கெட் போடாதீர்கள்.

அன்றாடக் கணக்கு

விற்பனை முடிந்ததும் அங்கேயே, இரண்டு பேர் எண்ண வேண்டும். ஒருவர் எண்ணி எழுதியதை மற்றவர் பார்க்காமல் தானாக எண்ணி, இரண்டு எண்ணும் ஒத்தால் இருவரும் கையெழுத்து. மறுநாள் காலையே வங்கியில் போட்டுவிடுங்கள், யார் வீட்டுப் பீரோவிலும் தங்கக் கூடாது. யு.பி.ஐ.யில் வரும் பணத்துக்கு எதிரில் இருப்பவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். போலியாகச் செய்த படம் காட்டிப் போவோர் சீசன் கூட்டத்தில் உண்டு. சவுண்ட்பாக்ஸ் சொன்ன பிறகு டம்ளரைக் கொடுங்கள். டம்ளர் எண்ணிக்கை, பால் லிட்டர், வசூல் மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், 15 லிட்டர் பாலுக்கு 300 டம்ளர் வராத நாளில் எங்கே ஒழுகுகிறது என்று அன்றே தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு நோட்டின் வரவு, செலவு, இருப்பு மூன்று எண்ணையும் எல்லா நன்கொடையாளரும் உள்ள குழுவில் போடுங்கள். வரவே இல்லாத வாரத்திலும் போடுங்கள்.

டிக்கெட் போடும் தேதிக்கு, அதாவது நவம்பர் முதல் வாரத்துக்கு, பயண நோட்டில் எழுபது சதவீதம் சேரவில்லை என்றால் ஆறு பேரை நான்காகக் குறையுங்கள். யார் நிற்பது என்பதைப் பணத்தை வைத்து அல்ல, அங்கே கேட்கும் வேலையை வைத்து முடிவு செய்யுங்கள். கணக்குப் பாடம் நடத்தத் தெரிந்தவர் போக வேண்டும். பிள்ளைகள் நோட்டிலிருந்து ‘இப்போதைக்கு’ எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வது இந்த வாரத்தில்தான். அந்தக் கூட்டத்துக்கு இரண்டு நோட்டையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்துப் பேசுங்கள்.

திரும்பி வந்த பதினைந்து நாளுக்குள் பயண நோட்டை முடித்து, ஆடிட்டரிடம் காட்டி, ஒரு பக்கக் கணக்கு எல்லோருக்கும் அனுப்புங்கள். ஒதுக்கிய பத்து சதவீதத்தில் மிஞ்சியதைப் பிள்ளைகள் நோட்டுக்கு மாற்றலாம். கோட்டைத் தாண்ட அனுமதி உள்ளது அந்தப் பக்கம் மட்டும்தான், அதுவும் ஆறு பேர் கையெழுத்தோடு. பிள்ளைகள் நோட்டு பத்தாவது மாதச் சம்பளம் போய், அந்த ஆசிரியரின் ரசீது வந்து சேரும் வரை திறந்தே இருக்க வேண்டும்.